இல்லத்துப் பிள்ளைகளின் உடம்பும் மனசும்: புதிதாக வேலைக்கு வருபவருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலோ, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமோ ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தில் காப்பாளராகவோ நர்ஸாகவோ சமூகப் பணியாளராகவோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த அன்றைக்கே யாராவது சாவிக்கொத்தையும் மாத்திரை டப்பாவையும் கையில் கொடுத்து, "பிள்ளைகளுக்கு மேலுக்கு முடியலைன்னா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். என்ன பார்ப்பது, எங்கே ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் வளரும் பிள்ளைக்கு என்ன வந்தது, என்ன ஆகாது என்பதெல்லாம் அம்மாவுக்கோ அப்பத்தாவுக்கோ மனப்பாடம். இரண்டு வயதில் ஜன்னி வந்தது, ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்தது, நிலா வெளிச்சத்தில் தனியாகப் படுக்க மாட்டான். எதையும் யாரும் எழுதி வைப்பதில்லை, தேவையும் இல்லை. இல்லத்தில் அந்த ஆள் கிடையாது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இருப்பார்கள். அவர்களும் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். டாக்டரும் மருந்தும் இல்லாமல் பிள்ளைகள் கஷ்டப்படுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. போன தடவை என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லாமல் கஷ்டப்படுவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நீங்கள் செய்யப்போகும் வேலையில் முக்கால்வாசி அந்த ஞாபகத்தை உண்டாக்கி வைப்பதுதான்.

முதல் வாரம்: பிள்ளைக்கு ஒரு ஃபைல்

பெரும்பாலான இல்லங்களில் ஒரே ஒரு பெரிய மருத்துவப் பதிவேடு இருக்கும். தேதி வாரியாக, "காய்ச்சல், மாத்திரை கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருப்பார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்ட அது உதவும். ஆனால் கருப்பாயி என்ற பிள்ளைக்கு இந்த வருஷம் எத்தனை தடவை காய்ச்சல் வந்தது என்று தெரிய வேண்டுமானால் முந்நூறு பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

அதனால் பதிவேடு பாட்டுக்கு இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடுங்கள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் சாப்பிடும் மருந்து, வலிப்பு, ஆஸ்துமா போன்றவை, தடுப்பூசி விவரம், வீட்டில் யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது. ராத்திரி இரண்டு மணிக்கு 108 வரும்போது இரவுக் காப்பாளர் அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஏறினால் போதும். அந்த அளவுக்கு அது சுருக்கமாக இருக்க வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று எழுதப்பட்டிருக்கும். அதில் உடல்நலம், மனநலம் என்று பகுதிகள் உண்டு. உங்கள் இல்லத்தில் அவை எப்படி நிரப்பப்பட்டிருக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் "நலமாக உள்ளார்" என்றே எழுதியிருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

புதுப் பிள்ளை வரும் நாள்

பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு பிள்ளை வரும். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகள் மாதாமாதம் உடல் பரிசோதனையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல், கண், தோல் பரிசோதனையும் கேட்கின்றன. முதல் பரிசோதனையை வந்த ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஆனால் வந்த நிமிஷமே எடை போட்டு, தலையைப் பிரித்துப் பேன் பார்த்து, சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் குளியல், தூக்கம். பிள்ளையே குளித்து உடை மாற்றிய பிறகு, அதே பாலினத்தைச் சேர்ந்த பணியாளர் ஒருவர், பக்கத்தில் இன்னொருவரையும் வைத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பார்க்கலாம். காயம், தழும்பு, சூட்டுத் தடம் இருந்தால் எந்த இடம், எவ்வளவு பெரிசு என்று எழுதிவையுங்கள். விளக்கம் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

இந்தப் பக்கத்து இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில், அப்பா கேரளாவில் கட்டட வேலையில் என்று இருக்கும். கூட்டிக்கொண்டு வருகிறவரிடம் அந்த அரை மணி நேரத்தில் கேட்பதுதான் உண்டு, அப்புறம் போனில் பிடிப்பது கஷ்டம். பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில்? பிறந்தபோது எடை எவ்வளவு? தடுப்பூசி அட்டை எங்கே? ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்களா? வீட்டில் யாருக்காவது டிபி, வலிப்பு உண்டா? எதைப் பார்த்தால் பிள்ளை பயப்படும்? ராத்திரி எப்படித் தூங்கும்? கடைசி இரண்டு கேள்விக்கும் கிடைக்கும் பதில் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது.

தடுப்பூசி அட்டை தொலைந்துபோயிருந்தால் பதற வேண்டாம். பிரசவம் நடந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் பதிவு கிடைக்கலாம். கிடைக்காவிட்டால், போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு வயதுக்கு ஏற்றதை டாக்டர் எழுதித் தருவார். இல்லங்களில் அதிகம் விட்டுப்போவது 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி ஊசி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி). கைக்குழந்தைக்குத்தான் தடுப்பூசி என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது.

மாதம் ஒரு தடவை தராசு

எடையும் உயரமும் போடுவது சடங்கு இல்லை. ஒரு மாத எடையைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நாலு மாதத்தை வரிசையாகப் பார்த்தால் கதை தெரியும். வளரும் பிள்ளை எடை கூடாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, பூச்சியா, ரத்தசோகையா, டிபியா, சர்க்கரையா, மனசா என்று தேட வேண்டும். ஒரே தராசு, ஒரே நேரம், சாப்பாட்டுக்கு முன்னால், செருப்பில்லாமல். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது சப்பாத்திக் கணக்கைத்தான்.

குடற்புழு நீக்க மாத்திரை வருஷத்துக்கு இரண்டு முறை பள்ளியில் தருவார்கள். இரும்புச்சத்து மாத்திரை வாரம் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, பத்து வயதுக்கு மேல் நீலம். பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளில் இவை விட்டுப்போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பெரிய பிள்ளைகள் மாத்திரையைத் துப்பிவிடுவதும் உண்டு. இது சகஜம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது.

அரசுப் பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு வரும். அன்றைக்கு எந்தப் பிள்ளையைக் குறிப்பாகக் காட்ட வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வகுப்பாசிரியரிடம் முதல் நாளே கொடுங்கள். நூறு பிள்ளைகளுக்கு நடுவில் பேசாத பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள். கண்ணுக்கு அரவிந்த் மருத்துவமனை நம்ம ஊரில் 1976-லிருந்து இருக்கிறது, அதனால் கண்ணாடி வாங்குவது பிரச்சினை இல்லை. உடைந்த கண்ணாடியை யாரும் கவனிக்காமல் விடுவதுதான் பிரச்சினை. பவர் சீட்டின் நகல் ஃபைலில் இருந்தால் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம்.

பிறந்தநாள் பிரியாணி

மதுரைக்காரர்களுக்குப் பிறந்தநாள், கல்யாண நாள், திவசம் எதுவானாலும் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டும். நல்ல மனசுதான். ஆனால் முகூர்த்த மாதத்தில் ஒரே வாரத்தில் நாலு நாள் பிரியாணியும் கேக்கும் வந்தால் பிள்ளைகள் வயிறு என்ன ஆகும்? அடுத்த வாரம் ஒன்றும் வராது, அப்போது ரசம் சோறு. முகூர்த்தத்தைப் பார்த்துப் பிள்ளைக்குப் பசிக்காது.

இதைச் சண்டை போடாமல் சரிசெய்ய வழி இருக்கிறது. ஒரு காலண்டர் மாட்டி, வாரத்துக்கு ஒரு வெளிச் சாப்பாடுதான் என்று வைத்துவிடுங்கள். கேட்டு வருகிறவரிடம், "அண்ணே, அன்னைக்கு ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிட்டாங்க. உங்க பேர்ல ஒரு மாசம் முட்டை போடுறோமா?" என்று கேட்டுப் பாருங்கள். சம்மதிக்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நிலக்கடலை, கேழ்வரகு மாவு, பருப்பு, வாழைப்பழம், முருங்கைக்கீரைக்குத் தினசரி ஆள் எல்லாமே கேட்கலாம். வெளிச் சாப்பாடு வந்தால் அன்றைக்குச் சமைத்ததுதானா என்று பாருங்கள். மண்டபத்தில் மிஞ்சியதை மத்தியானம் மூன்று மணிக்குக் கொண்டுவந்து இறக்கினால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போட்டோ விஷயத்தில் இளக்கமே கூடாது. இல்லத்துப் பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கேக் வெட்டும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவருக்கு இது தெரியாது, வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளியில் கூடப் படிக்கிறவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் கேட்கும் கேள்வியைத் தாங்கப்போவது பிள்ளைதான்.

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே மதுரை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில்தான். இல்லத்திலும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களா, பள்ளியில் சாப்பிடட்டும் என்று இங்கே கொடுக்காமல் விட்டு அங்கேயும் நேரத்துக்குப் போகாமல் பட்டினியா என்று ஒரு வாரம் விசாரியுங்கள்.

இன்னொன்று. தலையணைக்கு அடியில் பிஸ்கட், டவுசர் பையில் பாதி இட்லி, டிரங்குப் பெட்டியில் எறும்பு மொய்த்த மிட்டாய் இருக்கும். புதுசாக வந்த பிள்ளைகள் பலர் இப்படி ஒளித்து வைப்பார்கள். அது திருட்டு இல்லை. நாளைக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று அந்த உடம்பு இன்னும் நம்பவில்லை. பிடுங்கினால் இன்னும் ஆழமாக ஒளிக்கும். மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடுத்து, "இது உன்னுது, கடலை எப்பவும் இதுல இருக்கும்" என்று தினமும் நிரப்பிவையுங்கள். சில வாரங்களில் டப்பாவைத் திறக்க மறந்துவிடுவார்கள்.

சொறி சிரங்கு

இல்லத்தில் இதைத் தப்பியவர்கள் கிடையாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, ராத்திரியில் கூடும் அரிப்பு. பார்த்தவுடன் தெரியும். ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவினால் அடுத்த மாதம் அதே பிள்ளைக்குத் திரும்ப வரும். அதனால் முதலில் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பெர்மெத்ரின் கிரீம் எழுதினால், அந்த அறையில் படுக்கும் எல்லோருக்கும், அரிப்பு இல்லாதவர்களுக்கும், கூடப் படுக்கும் காப்பாளருக்கும் ஒரே ராத்திரி தடவுங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலும் தடவி, காலையில் குளிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே போர்வை, துண்டு, உடுப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் போடுங்கள், அதற்கு மதுரையில் பஞ்சமில்லை. துவைக்க முடியாததை ஒரு வாரம் பையில் கட்டிவையுங்கள். ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்ய வேண்டும். இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பத் தடவாதீர்கள்.

நாய்க்கடியையும் சொல்லிவிடுகிறேன். திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். அதனால் "நாய் கடிச்சா, கீறினா என்கிட்ட சொல்லணும், யாரும் திட்ட மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள் என்று போடுவார்கள். 28-ஆம் நாளை காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது

இராசாசி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கோரிப்பாளையம் நெரிசலையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல், இல்லத்தின் கடிதம், ஆதார் நகல், தண்ணீர், சாப்பிட ஏதாவது. ஓ.பி. சீட்டு போடும் வரிசையில் ஒருவர், பிள்ளையோடு ஒருவர் என்று இரண்டு பேர் போனால் நல்லது. டிரைவரை மட்டும் அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை நாளா?" என்பதுதான், டிரைவருக்கு அது தெரியாது. கேட்க வேண்டிய மூன்று கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அந்தக் கூட்டத்தில் மறந்துபோகும். வெளியே வந்தவுடன், பஸ் ஏறுவதற்கு முன்னால், டாக்டர் சொன்னதை அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

"இல்லத்துப் புள்ளையா?" என்று வரிசையில் யாராவது சத்தமாகக் கேட்பார்கள். பிள்ளை முன்னால் அதன் கதையைச் சொல்லாதீர்கள். "என் பொறுப்புல இருக்க புள்ள" என்றால் போதும்.

ஆபரேஷன் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல், தாமதித்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னால், இல்லப் பொறுப்பாளர் எழுத்துமூலம் சம்மதம் தரலாம். அவரை எந்த நேரத்திலும் போனில் பிடிக்க வழி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்பதையும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு தேடாதீர்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை ஒரே கண்டிப்பு: கொடுத்தவர் அந்த நிமிஷமே கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரவு ஷிப்டு இன்னொரு தடவை கொடுக்கும். வலிப்பு மருந்தும், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மருந்தும் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளையின் விவரம் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், சமையல்காரருக்கு அது தேவையில்லை.

திங்கட்கிழமை வயிற்றுவலி

"வயித்த வலிக்குதுக்கா."

"எப்ப இருந்துடா?"

"தெரியலக்கா."

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கும் நாள். அதற்கு மறுநாள் வயிற்றுவலியும் தலைவலியும் கூடும். அம்மா வந்துவிட்டுப் போன பிள்ளைக்கும் வரும், வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து யாரும் வராமல் போன பிள்ளைக்கு இன்னும் அதிகமாக வரும். வலி பொய் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், காய்ச்சல் பாருங்கள், வாந்தி உண்டா, மலம் எப்படி என்று கேளுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லையென்றாலும் "நடிக்காத" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பூண்டு உரிக்கச் சொல்லுங்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். யாரும் வராத பிள்ளைக்கு அந்த ஞாயிறு மத்தியானம் உங்களோடு சந்தைக்கோ நூலகத்துக்கோ போகும் வேலை ஒன்றை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

படுக்கையில் மூத்திரம் போகும் பிள்ளைகள் எல்லா இல்லத்திலும் உண்டு. தண்டிப்பது, ஈரப் பாயை வெயிலில் ஊர் பார்க்கக் காயப்போட வைப்பது, மற்றவர் முன்னால் பேர் சொல்வது மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். அடிப்பது, அவமானப்படுத்துவது குற்றம் என்பது ஒரு பக்கம், அதனால் மூத்திரம் நிற்காது என்பது இன்னொரு பக்கம். டாக்டரிடம் காட்டி மூத்திரத்தில் கிருமியோ சர்க்கரையோ இல்லை, மலச்சிக்கல் இல்லை என்று பாருங்கள். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்க வைத்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஷீட்டும் ஒரு மாற்று உடுப்பும் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், யாரையும் எழுப்பாமல் அதுவே மாற்றிக்கொள்ளும். கழிப்பறை இருட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல இல்லங்களில் ஒரு பல்பு மாட்டியதிலேயே பாதி சரியாகியிருக்கிறது.

தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கவில்லை, தன்னைத் தானே கீறிக்கொள்கிறது, செத்துப்போகணும் என்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416-இல் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 104-இல் மாநில உதவி எண் இருக்கின்றன, நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம். அடங்கவில்லை என்பதற்காக மனநல மாத்திரை கொடுக்கும் பேச்சே வரக்கூடாது. நிபுணர் பார்த்து, நோய் என்னவென்று கண்டுபிடித்து எழுதாமல் பிள்ளைக்கு அப்படி மருந்து தரக்கூடாது என்று விதியே இருக்கிறது.

யாரோ தன்னிடம் தப்பாக நடந்ததாகப் பிள்ளை சொன்னால் முழுசாகக் கேளுங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கூப்பிடலாம். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதி, நேரம் போட்டு வையுங்கள். சொல்லப்பட்ட ஆள் உங்கள் இல்லத்துக்காரராகவே இருந்தாலும் இதேதான். உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

லீவுக்குப் போகும்போதும், மொத்தமாகப் போகும்போதும்

பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். அப்போது மருந்து அறுந்துபோகும். லீவு நாளைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மருந்தை எண்ணி, எப்போது எத்தனை என்று பெரிய எழுத்தில் எழுதி, கூட்டிப்போகிறவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் சூரியன், நிலா படம் போதும். திரும்பி வந்த அன்று எடை, தலை, தோல் இன்னொரு தடவை.

18 வயதில் வெளியே போகிறவருக்கு அந்த ஃபைலின் அசல் போக வேண்டும், நகல் உங்களிடம் இருக்கட்டும். இல்லத்தை விட்டுப் போன பிறகு கிடைக்கும் பிற்காப்பு உதவி 21 வயது வரை உண்டு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 17 வயதிலேயே பேச ஆரம்பியுங்கள். அதே ஒரு வருஷத்தில், ஓ.பி. சீட்டு தானே போடவும், தன் மருந்தின் பெயரைத் தானே சொல்லவும், டாக்டரிடம் நீங்கள் வெளியே நிற்கத் தனியாகப் பேசவும் பழக்குங்கள். முதல் தடவை வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் இருந்தால் போதும்.